எழுத்தும் ஓர் எண்ணே: இயற்கணிதம் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரு அல்சூர்ப் பகுதியில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரங்களில் கணக்குச் சொல்லித் தருகிறேன். வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் இந்தப் பிள்ளைகளும், அவர்களுக்கு உதவ முயலும் பெற்றோரும் இயற்கணிதம் பற்றிக் கேட்கும் ஐயங்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, விடைகளை ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன்.

எல்லா விடைகளுக்கும் அடிப்படையாக நிற்பது ஒரே கருத்து: இயற்கணிதத்தில் வரும் எழுத்து ஓர் எண். எண்களுக்கு எது உண்மையோ அதுவே எழுத்துக்கும் உண்மை. எண்களுக்குச் செல்லாதது எழுத்துக்கும் செல்லாது. பள்ளிப் புத்தகங்களில் எக்ஸ், ஒய் என்று வரும் இடங்களில் இங்கே ப, ம போன்ற தமிழ் எழுத்துகளைப் பயன்படுத்தியிருக்கிறேன்.

கணக்குன்னா எண்ணுதானே மிஸ், நடுவுல எழுத்து எதுக்கு வருது?

ஒரே மாதிரிக் கணக்கை வெவ்வேறு எண்களுக்குத் திரும்பத் திரும்பச் செய்ய நேரும்போது எழுத்து தேவைப்படுகிறது. நம் ஊர் ஆட்டோக் கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். 2025 ஆகஸ்டு 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 18 ரூபாய். 5 கி.மீ. சென்றால் 36 + 18 × 3, அதாவது 90 ரூபாய். 7 கி.மீ. சென்றால் 36 + 18 × 5, அதாவது 126 ரூபாய். இரண்டு கணக்கிலும் செய்த வேலை ஒன்றுதான். தூரம் மட்டும் வேறு. அந்தத் தூரத்தின் இடத்தில் த என்று எழுதினால், 36 + 18(த − 2) என்ற ஒரே வரி 2 கி.மீ.க்குக் குறையாத எல்லாப் பயணங்களுக்கும் கட்டணத்தைச் சொல்லிவிடுகிறது.

இங்கே த என்பது மாறி. 36 என்பது மாறாமல் நிற்கும் எண், அதாவது மாறிலி. சில கணக்குகளில் மாறி எந்த எண்ணாகவும் இருக்கலாம், இந்தத் தூரத்தைப் போல. வேறு சிலவற்றில் அது நாம் இன்னும் கண்டுபிடிக்காத ஒரு குறிப்பிட்ட எண்ணாக இருக்கும். எப்படியிருந்தாலும் அது எண்தான்.

எக்ஸ்தான் போடணுமா? வேற எழுத்து போட்டா மார்க் குறைச்சிடுவாங்களா?

எந்த எழுத்தையும் பயன்படுத்தலாம். தெரியாத எண்ணுக்கு எக்ஸ், ஒய், இசட் என்று எழுதும் வழக்கம் 1637-இல் வெளிவந்த, பிரெஞ்சு அறிஞர் தெகார்த்தின் வடிவியல் நூலிலிருந்து பரவியது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் நாட்டுக் கணித அறிஞர்கள் வேறு முறையைக் கையாண்டார்கள். 12ஆம் நூற்றாண்டுப் பாஸ்கரர் முதல் தெரியாத எண்ணை "யா" என்றும், அடுத்தடுத்து வருபவற்றை நிறப்பெயர்களின் முதலெழுத்தைக் கொண்டு "கா", "நீ" என்றும் குறித்தார்.

தேர்வில் நீங்கள் மறக்கக் கூடாதது எழுத்து எதைக் குறிக்கிறது என்பதை முதல் வரியில் எழுதுவதுதான். அதை எழுதும்போது "பேனா = ப" என்று எழுதாமல் "ஒரு பேனாவின் விலை ப ரூபாய்" என்று முழுமையாக எழுத வேண்டும். இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பது பின்னால் வரும் இட்லி, வடைக் கேள்வியில் விளங்கும்.

நான் தமிழ் மீடியத்துல படிச்சவ. பையன் இங்கிலீஷ்ல படிக்கிறான். நான் எப்படி மேடம் சொல்லித் தர்றது?

தாராளமாகச் சொல்லித் தரலாம். நீங்கள் படித்த கணக்கும் அவன் படிக்கும் கணக்கும் ஒன்றே. மாறி என்பதை அவன் வேரியபிள் என்பான். கோவை என்பது எக்ஸ்பிரஷன், சமன்பாடு என்பது ஈக்வேஷன், உறுப்பு என்பது டெர்ம், கெழு என்பது கோயெஃபிஷியன்ட். பக்கத்து வீட்டுப் பிள்ளை கன்னட வழியில் படித்தால் சமன்பாட்டைச் சமீகரண என்று சொல்லும்.

பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பிள்ளை எழுதிய ஒவ்வொரு வரியையும் தமிழில் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். 2ப + 7 = 25 என்பதை "ஏதோ ஓர் எண்ணை இரண்டால் பெருக்கி ஏழைக் கூட்டினால் இருபத்தைந்து வருகிறது" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால், அதற்குப் பாதிக் கணக்கு வந்துவிட்டது என்று நம்பலாம்.

3பன்னு எழுதினா முப்பத்தி ஏதோ ஒண்ணா? ப 5ன்னா 35 ஆகுமா?

ஆகாது. எண்ணும் எழுத்தும் ஒட்டி நின்றால் இடையில் பெருக்கல் குறி இருப்பதாகப் பொருள். ப-வின் மதிப்பு 5 என்றால் 3ப என்பது 3 × 5 = 15. மதிப்பைப் பிரதியிடும்போது பெருக்கல் குறியை மீண்டும் எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது. எழுத்துக்கு முன்னால் வரும் 3-ஐக் கெழு என்கிறோம். வெறும் ப என்று இருந்தால் கெழு 1. −ப என்று இருந்தால் கெழு −1.

2ப-வையும் ப²-ஐயும் ஒன்றென்று கருதுபவர்கள் பலர். 2ப என்பது ப + ப. ப² என்பது ப × ப. ப = 5 என்றால் முதலாவது 10, இரண்டாவது 25.

சமக்குறி போட்டா "விடை இதோ வருது"ன்னுதானே அர்த்தம்?

சிறு வகுப்புகளில் 8 + 4 = என்று எழுதி விடையை நிரப்பிப் பழகியதால் இந்த எண்ணம் வேரூன்றிவிடுகிறது. இயற்கணிதத்தில் தடுக்கி விழும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தடுக்குகிறார்கள் என்பது என் அனுபவம். சமக்குறியின் பொருள் "இடப்பக்கம் உள்ள எண்ணும் வலப்பக்கம் உள்ள எண்ணும் ஒன்றே" என்பது மட்டுமே. 1557-இல் இந்தக் குறியை முதன்முதலில் அச்சேற்றிய ராபர்ட் ரெக்கார்டு, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான பொருள்கள் வேறில்லை என்பதாலேயே அவற்றைத் தேர்ந்தெடுத்ததாகக் காரணம் சொன்னார்.

5-ஐ 4-ஆல் பெருக்கி 3 கூட்டு என்றால் 5 × 4 = 20 + 3 = 23 என்று ஒரே ஓட்டமாக எழுதுகிறார்கள். கடைசி விடை சரிதான். ஆனால் அந்த வரி 5 × 4-உம் 20 + 3-உம் சமம் என்று சொல்கிறது, அது உண்மையில்லை. 5 × 4 = 20 என்று ஒரு வரியும், 20 + 3 = 23 என்று அடுத்த வரியும் எழுத வேண்டும். இப்போது இது சின்னப் பிழையாகத் தோன்றினாலும், சமன்பாட்டைத் தீர்க்கத் தொடங்கியதும் பெரிய தடையாகிவிடும்.

கோவைக்கும் சமன்பாட்டுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டுலயும் எழுத்து இருக்கே.

4ப + 7 என்பது கோவை. அது ஓர் எண்ணைக் குறிக்கிறது, எதையும் அறிவிக்கவில்லை. 4ப + 7 = 31 என்பது சமன்பாடு. அது ஒரு கூற்று. ப-வின் சில மதிப்புகளுக்கு அது உண்மையாகவும் மற்றவற்றுக்குப் பொய்யாகவும் இருக்கும். ப = 6 என்றால் உண்மை, ப = 5 என்றால் பொய். கூற்றை உண்மையாக்கும் மதிப்பைத் தீர்வு என்கிறோம்.

ஆகவே கோவையைச் "சுருக்கு" என்றுதான் கேட்க முடியும். "தீர்" என்று கேட்க முடியாது. கோவையைச் சுருக்கி முடித்த பிறகு "= 0" என்று தாமாகவே சேர்த்து, ப-வின் மதிப்பையும் கண்டுபிடித்து எழுதும் பிள்ளைகள் உண்டு. கேள்வியில் சமக்குறி இல்லையென்றால் கண்டுபிடிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

3ப + 5ன்னு நிறுத்தினா விடை பாதியில நிக்கிற மாதிரி இருக்கு. 8பன்னு முடிச்சிடலாமா?

முடிக்கக் கூடாது. இரண்டும் ஒன்றா என்று யாரையும் கேட்காமல் நீங்களே சோதிக்கலாம். ப-வுக்கு 7 என்று வைத்தால் 3ப + 5 என்பது 26. 8ப என்பது 56. ஒரே எண்ணுக்கு இரண்டும் வேறுபட்டுவிட்டதால் அவை ஒரே கோவை அல்ல. 3ப + 5 என்பதே முழுமையான விடை. அதற்கு மேல் சுருக்க வழியில்லை.

சோதிக்கும்போது 0, 1, 2 ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது. மேலே உள்ள கோவைகளில் ப = 1 என்று வைத்தால் இரண்டுமே 8 என்று வந்து ஏமாற்றிவிடும். 2ப-வையும் ப²-ஐயும் 2-ஐ வைத்துச் சோதித்தால் இரண்டும் 4. நான் 5 அல்லது 7-ஐ வைத்துப் பார்க்கச் சொல்வது வழக்கம். எண்ணை வைத்துப் பார்க்கும் இந்தச் சோதனை பின்வரும் பல விடைகளில் திரும்ப வரும்.

இட்லிக்கு இ, வடைக்கு வ. அப்போ 3இ + 2வன்னா மூணு இட்லி, ரெண்டு வடைதானே?

இப்படிச் சொல்லிக்கொடுத்தால் 3இ-யையும் 2வ-வையும் ஏன் கூட்ட முடியாது என்பது உடனே புரிந்துவிடும் என்பதால் பலர் இப்படிச் சொல்கிறார்கள். நான் இதைத் தவிர்க்கவே விரும்புகிறேன். எழுத்து எண்ணுக்குப் பதிலாக நிற்கிறதே ஒழிய, பொருளுக்குப் பதிலாக நிற்கவில்லை. இ என்பது ஓர் இட்லியின் விலை, வ என்பது ஒரு வடையின் விலை என்றால், 3இ + 2வ என்பது மூன்று இட்லிக்கும் இரண்டு வடைக்கும் சேர்ந்து நாம் கொடுக்கும் பணம். இட்லி 15 ரூபாயும் வடை 25 ரூபாயும் என்றால் அது 95 ரூபாய்.

எழுத்தைப் பொருளாக நினைத்துப் பழகியவர்களுக்கு இ × வ என்று வந்தால் இட்லியை வடையால் எப்படிப் பெருக்குவது என்ற திகைப்பு வரும். எண்ணாக நினைத்தால் 15 × 25, அவ்வளவுதான். ஒத்த உறுப்புகளை, அதாவது ஒரே எழுத்தின் மடங்குகளை, மட்டும் சேர்க்கலாம் என்ற விதிக்கும் எண்ணே காரணம்: 4ப + 3ப என்பது ப என்ற ஒரே எண்ணின் நான்கு மடங்கும் மூன்று மடங்கும் சேர்ந்தது, ஆகவே 7ப. 4ப + 3ம என்பதில் இரண்டு வெவ்வேறு எண்கள் இருக்கக்கூடும் என்பதால் அது அப்படியே நிற்கிறது.

அடைப்புக்குறிக்கு முன்னாடி கழித்தல் இருந்தா உள்ள இருக்கிற குறியெல்லாம் ஏன் மாறுது?

50 − (20 − 3) என்பதைப் பாருங்கள். கையில் 50 ரூபாய் இருக்கிறது. பொருளின் விலை 20, தள்ளுபடி 3. நாம் கொடுப்பது 17, மீதி 33. முதலில் 20-ஐ முழுதாகக் கழித்துவிட்டால் 30 மீதமாகும். ஆனால் 3 ரூபாய் அதிகமாகக் கழித்துவிட்டோம், அதைத் திரும்பச் சேர்த்தால் 33. ஆகவே 50 − (20 − 3) = 50 − 20 + 3. குறியை மாற்றாமல் 50 − 20 − 3 என்று எழுதினால் 27 வரும். எழுத்து வந்தாலும் இதே கதைதான்: 50 − (ப − 3) என்பது 53 − ப.

ஒரு கோவையைச் சுருக்கி என்ன பிரயோஜனம்? மதிப்பு மாறப் போறதில்லையே.

மதிப்பு மாறாது என்பது உண்மை. ஆனால் அந்தக் கோவை என்ன சொல்கிறது என்பது வெளிச்சத்துக்கு வருகிறது. முதல் விடையில் எழுதிய ஆட்டோக் கட்டணத்தை மீண்டும் எடுப்போம். 36 + 18(த − 2) என்பதில் அடைப்பை நீக்கினால் 36 + 18த − 36. 36-உம் −36-உம் நீங்கிவிட, 18த மட்டும் எஞ்சுகிறது. முதல் இரண்டு கிலோமீட்டருக்குத் தனிக் கட்டணம், அதற்கு மேல் வேறு கட்டணம் என்று இரண்டு படிகளாகத் தெரிந்த விதி, உண்மையில் கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்ற ஒற்றை விதி. குறைந்தபட்சம் 2 கி.மீ.க்கான பணத்தைக் கொடுத்தாக வேண்டும் என்பது மட்டுமே அதனோடு சேரும் நிபந்தனை. 9 கி.மீ. என்றால் 162 ரூபாய் என்று மனத்திலேயே போட்டுவிடலாம்.

இதற்கு முன்பு இருந்த 30 ரூபாய், 15 ரூபாய்க் கட்டணத்தையும் இதே முறையில் எழுதிப் பாருங்கள். 30 + 15(த − 2) என்பதும் 15த என்றே சுருங்கும். 18த என்ற கட்டணம் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு என்பதால் அப்போது 27த. எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை இந்த ஊர் ஆட்டோவில் போய்க்கொண்டேயிருக்கும் பிள்ளைகள்கூட இதைக் கவனிப்பதில்லை. இரண்டு வரி இயற்கணிதம் அதைக் காட்டிவிடுகிறது. ஒரு எச்சரிக்கையும் உண்டு: 1 கி.மீ. பயணத்துக்கு 18த என்று போட்டு 18 ரூபாய் நீட்ட முடியாது. அந்தக் கோவை எழுதப்பட்டதே த குறைந்தது 2 என்ற நிபந்தனையின் பேரில்தான்.

"அந்தப் பக்கம் போனா குறி மாறும்"னு சொல்லித் தர்றாங்க. ஏன் மாறணும்?

எதுவும் எந்தப் பக்கமும் போவதில்லை. 2ப + 7 = 25 என்றால் 2ப + 7 என்ற எண்ணும் 25 என்ற எண்ணும் ஒன்றே. ஒரே எண்ணிலிருந்து 7-ஐக் கழித்தால் ஒரே விடைதான் வரும்: 2ப + 7 − 7 = 25 − 7. இடப்பக்கத்தில் 2ப மட்டும் நிற்கிறது, வலப்பக்கத்தில் 18. நடுவில் உள்ள வரியை எழுதாமல் விட்டுவிட்டால், இடப்பக்கம் இருந்த +7 வலப்பக்கத்துக்குத் தாவி −7 ஆகிவிட்டதுபோலத் தோன்றுகிறது. சமநிலையில் நிற்கும் தராசின் இரு தட்டிலிருந்தும் ஒரே எடையை எடுத்தால் முள் அசையாமல் நிற்பதுபோல என்று பெரும்பாலான ஆசிரியர்கள் விளக்குவார்கள். தொடக்கத்துக்கு அது நல்ல விளக்கம். எதிர்மறை எண்கள் வந்த பிறகு −5 கிலோவைத் தட்டில் வைக்க முடியாது; அப்போது "ஒரே எண்ணுக்கு ஒரே வேலையைச் செய்தால் ஒரே விடை" என்ற முதல் கருத்துதான் கைகொடுக்கும்.

"போனால் மாறும்" என்பதை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் அடுத்த வரியிலேயே தவறுகிறார்கள். 2ப = 18 என்பதில் 2-ஐயும் அந்தப் பக்கம் அனுப்பி ப = 18 − 2 = 16 என்று எழுதுகிறார்கள். இங்கே 2 கூட்டப்படவில்லை, பெருக்கப்பட்டிருக்கிறது. இரு பக்கத்தையும் 2-ஆல் வகுத்தால்தான் ப தனித்து நிற்கும். ப = 9. முதல் சமன்பாட்டில் வைத்துப் பார்த்தால் 18 + 7 = 25, சரி. 16-ஐ வைத்தால் 39. முதல் மூன்று மாதங்களுக்காவது நடுவரியை விடாமல் எழுதுங்கள் என்பது என் வேண்டுகோள். விரைவு தானாக வந்துசேரும்.

−3ப = 12ன்னா, 3 அந்தப் பக்கம் போறப்போ கழித்தல் கூட்டல் ஆகாதா?

ஆகாது, காரணம் மேலே சொன்னதுதான். ப-வை −3 பெருக்கியிருக்கிறது. ஆகவே இரு பக்கத்தையும் −3-ஆல் வகுக்க வேண்டும்: ப = 12 ÷ (−3) = −4. சரிபார்க்க, −3 × −4 = 12.

ரெண்டு பக்கமும் ப இருந்தா எங்க ஆரம்பிக்கிறது?

ப ஓர் எண் என்பதால் அதையும் இரு பக்கத்திலிருந்தும் கழிக்கலாம். 5ப − 4 = 2ப + 11 என்றால், இரு பக்கமும் 2ப-வைக் கழிக்க 3ப − 4 = 11; இரு பக்கமும் 4-ஐக் கூட்ட 3ப = 15; ப = 5. சிறிய கெழு உள்ள ப-வைக் கழித்தால் எதிர்மறைக் கெழு வராமல் தப்பிக்கலாம். சரிபார்க்கும்போது இரு பக்கத்தையும் தனித்தனியே கணக்கிட வேண்டும்: இடப்பக்கம் 21, வலப்பக்கம் 21.

விடை பின்னமா வந்தா கணக்கு தப்புன்னு அர்த்தமா?

இல்லை. 4ப = 10 என்றால் ப = 2.5, அது முறையான விடையே. ப என்பது பேருந்தில் இருப்பவர்களின் எண்ணிக்கையாக இருந்தால் மட்டும், இரண்டரைப் பேர் இருக்க முடியாது என்பதால், சமன்பாட்டை எழுதிய இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

சமன்பாடு குடுத்தா போட்டுடுவேன். கதைக் கணக்கு வந்தா எழுதவே வரல, என்ன பண்றது?

எல்லாக் கேள்விகளிலும் எனக்கு மிகவும் அக்கறையுள்ள கேள்வி இது. ஒரு கணக்கை எடுப்போம்: "அம்மாவின் வயது மகளின் வயதைப்போல 3 மடங்கு. 12 ஆண்டுகள் கழித்து அது மகளின் வயதைப்போல 2 மடங்காக இருக்கும். இப்போது மகளின் வயது என்ன?" சமன்பாட்டை உடனே தேடாதீர்கள். ஒரு விடையை ஊகித்து, அது சரியா என்று சோதியுங்கள். மகளுக்கு 10 வயது என்று வைப்போம். அம்மாவுக்கு 3 × 10 = 30. 12 ஆண்டு கழித்து அம்மாவுக்கு 30 + 12 = 42, மகளுக்கு 10 + 12 = 22. 22-இன் இருமடங்கு 44. அது 42 அல்ல. ஊகம் தவறு.

ஊகம் தவறானாலும் வேலை வீணாகவில்லை. நீங்கள் செய்த சோதனையை அப்படியே ஒரே வரியில், எதையும் கூட்டிப் பெருக்காமல் எழுதுங்கள்: 3 × 10 + 12 = 2 × (10 + 12) ஆகிறதா என்றுதானே பார்த்தீர்கள்? இப்போது 10 இருந்த இரண்டு இடத்திலும் வ என்று எழுதினால் 3வ + 12 = 2(வ + 12). இதுதான் தேடிய சமன்பாடு. அடைப்பை நீக்க 3வ + 12 = 2வ + 24; வ = 12. மகளுக்கு 12, அம்மாவுக்கு 36. 12 ஆண்டு கழித்து 24, 48.

சரிபார்ப்பை எப்போதும் கதையில் வைத்தே செய்ய வேண்டும். இந்தக் கணக்கில் பலர் மகளின் வயதோடு 12-ஐக் கூட்ட மறந்து 3வ + 12 = 2வ என்று எழுதி, வ = −12 என்று முடிப்பார்கள். தாம் எழுதிய சமன்பாட்டில் வைத்துப் பார்த்தால் அது பொருந்தவே செய்யும். கதையில் வைத்துப் பார்த்தால்தான் மகள் இன்னும் பிறக்கவே இல்லை என்பது தெரியும்.

ஒரு டீச்சருக்கு 30 பிள்ளைங்கன்னா 30ம = ஆன்னு எழுதினேன். ஏன் தப்பு போட்டாங்க?

"30 பிள்ளைகள், ஓர் ஆசிரியர்" என்று சொற்கள் வரும் வரிசையிலேயே எழுதியதால் வந்த தவறு. வயதில் பெரியவர்களும் செய்வது. இங்கே ம-வை "மாணவர்" என்றும் ஆ-வை "ஆசிரியர்" என்றும் படித்துவிட்டீர்கள். இட்லி, வடைக் கேள்வியில் சொன்னபடி ம என்பது மாணவர்களின் எண்ணிக்கை, ஆ என்பது ஆசிரியர்களின் எண்ணிக்கை. 4 ஆசிரியர்கள் இருந்தால் 120 மாணவர்கள். எண்களை வைத்துப் பாருங்கள்: 30 × 120 = 4 என்பது பொய்; 120 = 30 × 4 என்பது உண்மை. ஆகவே ம = 30ஆ.

மனசுலயே விடை வந்துடுது. ஸ்டெப்பெல்லாம் எழுதணுமா?

ப + 5 = 12 போன்றவற்றுக்கு மனக்கணக்கே போதும்; அந்தத் திறமையைப் பெற்றோர் குறையாகக் கருத வேண்டாம். ஆனால் 7(ப − 2) − 3(ப + 1) = 5 என்று வரும்போது ஊகம் எளிதில் எட்டாது. 4ப − 17 = 5, 4ப = 22, ப = 5.5 என்று படிப்படியாகத்தான் போக முடியும். எளிய கணக்குகளில் படிகளை எழுதிப் பழகுவது இந்த நாளுக்காகவே.

போட்டுக்கிட்டே போனா ப காணாமப் போயிடுச்சு. இப்போ விடை என்ன?

என்ன எஞ்சியது என்று பாருங்கள். 2(ப + 3) = 2ப + 6 என்பதில் அடைப்பை நீக்கி இரு பக்கமும் 2ப-வைக் கழித்தால் 6 = 6 என்று வரும். இது எப்போதும் உண்மை. ஆகவே ப எந்த எண்ணாக இருந்தாலும் முதல் கூற்று உண்மை. ஆட்டோக் கட்டணத்தில் 36 + 18(த − 2) = 18த என்று கண்டதும் இதே வகை; அதை முற்றொருமை என்பார்கள்.

2ப + 3 = 2ப + 8 என்று இருந்தால் 3 = 8 என்று எஞ்சும். அது ஒருபோதும் உண்மையாகாது. ஆகவே தீர்வே இல்லை. "தீர்வு இல்லை" என்று எழுதுவதும் முழுமையான விடைதான். விடை 0 என்று எழுதிவிடாதீர்கள்; 0-வும் ஓர் எண், அதை வைத்தாலும் 3 = 8 என்றே வரும்.

கம்ப்யூட்டர் கிளாஸ்ல ப = ப + 5ன்னு எழுதுறோம், அது ஓடுது. கணக்குல மட்டும் ஏன் தப்பு?

பைத்தான் போன்ற நிரல்மொழிகளில் ஒற்றைச் சமக்குறி ஒரு கட்டளை: வலப்பக்கத்தைக் கணக்கிட்டு, வந்த மதிப்பை இடப்பக்கப் பெயரில் சேமித்துவை என்று அது கணினியிடம் சொல்கிறது. ப-வில் 3 இருந்தால் கட்டளை ஓடிய பிறகு 8 இருக்கும். கணக்கில் சமக்குறி கூற்று என்பதை முன்பே பார்த்தோம். ஓர் எண் தன்னைவிட 5 அதிகமான எண்ணுக்குச் சமம் என்பது நடவாத காரியம்; ப-வைக் கழித்தால் 0 = 5 என்று, சற்று முன் கண்ட தீர்வில்லாச் சமன்பாடாக நிற்கும். இரண்டு மதிப்புகள் சமமா என்று கேட்கப் பைத்தானில் இரட்டைச் சமக்குறி இருக்கிறது. கணக்குப் புத்தகத்துச் சமக்குறிக்கு நெருக்கமானது அதுதான்.

ப² = 5ப. ரெண்டு பக்கமும் பவால வகுத்தா ப = 5. சரிதானே?

5 ஒரு தீர்வுதான். ஆனால் இன்னொன்று நழுவிவிட்டது. ப = 0 என்று வைத்துப் பாருங்கள்: 0 = 0, அதுவும் உண்மை. எழுத்தால் வகுக்கும்போது அந்த எழுத்து 0 ஆக இருக்கக்கூடுமா என்று கேட்க வேண்டும், ஏனெனில் 0-ஆல் வகுத்தல் என்று ஒரு செயல் கிடையாது. இங்கே வகுப்பதற்குப் பதில் 5ப-வைக் கழித்து ப² − 5ப = 0 என்றும், பின் ப(ப − 5) = 0 என்றும் எழுதலாம். இரண்டு எண்களின் பெருக்கல் 0 என்றால் அவற்றில் ஒன்றாவது 0 ஆக வேண்டும்; ஆகவே ப = 0 அல்லது ப = 5.

யூடியூப்ல 2-உம் 1-உம் சமம்னு நிரூபிக்கிறாங்க. எல்லா ஸ்டெப்பும் சரியாத்தான் இருக்கு. எங்க தப்பு?

அந்த "நிரூபணம்" பெரும்பாலும் இப்படிப் போகும். ப = ம என்று தொடங்குவார்கள். இரு பக்கமும் ப-வால் பெருக்க ப² = பம. இரு பக்கமும் ம²-ஐக் கழிக்க ப² − ம² = பம − ம². காரணிப்படுத்த, அதாவது பெருக்கல் வடிவில் எழுத, (ப − ம)(ப + ம) = ம(ப − ம). இரு பக்கமும் (ப − ம)-ஆல் வகுக்க ப + ம = ம. ப-வும் ம-வும் ஒன்றே என்பதால் 2ம = ம; ஆகவே 2 = 1.

எங்கே தவறு என்று கண்டுபிடிக்க, நாம் இதுவரை செய்துவந்த சோதனையே போதும். ப-வுக்கும் ம-வுக்கும் 4 என்று வைத்து ஒவ்வொரு வரியையும் படியுங்கள். முதல் வரி 4 = 4; அடுத்தது 16 = 16; அதற்கடுத்தது 0 = 0; காரணிப்படுத்திய வரி 0 × 8 = 4 × 0. இதுவரை எல்லாம் உண்மை. அடுத்த வரியோ 8 = 4. உண்மையான வரிக்கும் பொய்யான வரிக்கும் இடையில் நடந்தது (ப − ம)-ஆல் வகுத்தல். ப-வும் ம-வும் சமம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டதால் ப − ம என்பது 0.